ஏபிஐ-யை உலுக்கிப் பார்க்கும் கருவி: நாமே எழுதுவது எப்படி

என் அம்மாவின் பெயர் கோமளவல்லி. சில வருஷங்களுக்கு முன் ஓரிடத்தில் பணம் கட்டிவிட்டு வாங்கிய ரசீதில் அது ‘கோமளவல�’ என்று அச்சாகி வந்தது. கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. “சிஸ்டத்துல அப்படித்தாங்க வருது” என்றார் கவுண்டரில் இருந்தவர். அம்மா என் பேனாவை வாங்கி, கடைசி இரண்டையும் அடித்து, மேலே ‘ல்லி’ என்று எழுதி, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு வேலையே ஏபிஐ டெஸ்டிங்தான்; ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கோரிக்கை அனுப்பிப் பதில் வாங்கும் வாசல். வீட்டுக்கு வந்ததும் எண்ணிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிவது 6 எழுத்து. உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது 9 குறியீடுகள்: க, ஓகாரக் குறி, ம, ள, வ, ல, புள்ளி, மறுபடி ல, இகரக் குறி. அதைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். ஆக 27 பைட். அந்தப் பெயர்ப் பெட்டிக்கு யாரோ 20 என்று எல்லை வைத்திருக்க வேண்டும்; 20 எழுத்தா, 20 பைட்டா என்று யாரும் கேட்கவில்லை. 20 பைட்டில் வெட்டினால் முதல் 6 குறியீடுகள் 18 பைட்டில் முழுதாக வந்துவிடும். மிச்சம் 2 பைட், புள்ளியின் அறுந்த துண்டு. கேள்விக்குறியாக நின்றது அதுதான்.

இதில் எந்த சர்வரும் விழவில்லை. ‘200, எல்லாம் சரி’ என்றுதான் பதில் போயிருக்கும். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்த யாருக்கும் இது கண்ணில் பட்டிருக்காது. இந்த மாதிரிப் பிழைகளைத் தானாகத் தேடும் திறமூலக் கருவி ஒன்றை எழுத வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான். எழுதினேன், இரண்டு முறை கலைத்து மறுபடி எழுதினேன். அந்த அனுபவத்தில் இருந்து, நீங்கள் எழுதுவதாக இருந்தால் எந்த வரிசையில் போகலாம் என்று சொல்கிறேன். பைதான் ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

இருப்பதை முதலில் பாருங்கள்

கண்டபடி உள்ளீடு கொடுத்து மென்பொருளைச் சோதிப்பதற்கு ஃபஸ்ஸிங் என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர். 1988-இல் ஒரு மழை இரவில் வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பு வழியாக யூனிக்ஸ் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். இடி மின்னலால் கம்பியில் இரைச்சல் புகுந்து, அவர் அடிக்காத எழுத்துகள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. நிரல்கள் படபடவென்று விழுந்தன. அதையே மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தார். 1990-இல் வெளியான அவர்களின் கட்டுரைப்படி, சோதித்த யூனிக்ஸ் நிரல்களில் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை விழுந்தன அல்லது தொங்கிப்போயின.

வெப் ஏபிஐ-களுக்கு இன்று நல்ல திறமூலக் கருவிகள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் ரெஸ்ட்லர் 2019-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்து, 2020-இல் திறமூலமானது. பைதானின் ஹைப்பாதெசிஸ் நிரல் நூலகத்தின் மேல் கட்டிய ஸ்கீமாதெசிஸ் இருக்கிறது. எவோமாஸ்டர் இருக்கிறது. மூன்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் தேவை ஸ்கீமாதெசிஸில் ஒரு சின்னச் செருகலாக முடிந்துவிடும் என்றால் தனிக் கருவி வேண்டாம், அங்கேயே பங்களியுங்கள். எனக்கு வேண்டியிருந்தவை இரண்டு. இந்திய மொழி எழுத்துகளை ஆழமாகச் சோதிக்க வேண்டும். வரும் ரிப்போர்ட்டை நிரல் எழுதாத ஒருவரும் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் தனியாக எழுத உட்கார்ந்தேன்.

பழகுவதற்கு ஒரு சர்வர்

அடுத்தவர் சர்வரில் கை வைக்காதீர்கள். அனுமதி இல்லாமல் செய்தால், நல்ல எண்ணத்தோடு செய்தாலும் சிக்கல்தான். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவு, அனுமதியின்றி அடுத்தவர் கணினியை அணுகுவதையும் அதன் சேவைக்கு இடையூறு செய்வதையும் சேர்த்தே பேசுகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால், 66-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்ச ரூபாய் வரை அபராதம்.

அதனால் உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு சர்வரை எழுப்புங்கள். வேண்டுமென்றே ஓட்டைகளோடு எழுதிய வாம்பி, மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் கிராப்பி போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. நான் இன்னும் சின்னதாக ஒன்றை நானே எழுதிக்கொண்டேன்: ஏபிஐ எழுத உதவும் பைதான் கருவி ஃபாஸ்ட்ஏபிஐ, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், இரண்டையும் வைத்து ஒரு வாடகை நூலகம். உறுப்பினர், புத்தகம், இரவல் என்று மூன்றே பொருட்கள். ஃபாஸ்ட்ஏபிஐ-யில் ஒரு வசதி, ஓப்பன்ஏபிஐ ஸ்கீமாவை அதுவே தயாரித்துக் கொடுத்துவிடும். எந்த முகவரிக்கு எந்தப் புலம் போகும், அது எண்ணா எழுத்தா, நீளம் எவ்வளவு என்ற தகவல் எல்லாம் அதில் இருக்கும். நம் கருவி முதலில் வாசிப்பது அந்தக் கோப்பைத்தான்.

வாசிப்பதற்கு நீங்களே பார்சர் எழுத வேண்டாம். ஆனால் ஓப்பன்ஏபிஐ 3.0-வும் 3.1-உம் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். 2021-இல் வந்த 3.1, ஜேசன் வடிவத் தகவலை விவரிக்கும் பொதுத் தரமான ஜேசன் ஸ்கீமாவோடு முழுசாக ஒத்துப்போகிறது, 3.0 அப்படி இல்லை. ‘இந்தப் புலம் காலியாக இருக்கலாம்’ என்பதையே இரண்டும் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன. நுழையும் இடத்திலேயே இரண்டையும் ஒரே உள்வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பிற்பாடு நிரல் முழுக்க ‘இது எந்தப் பதிப்பு’ என்று கேட்டுக்கொண்டிருக்கத் தேவையிருக்காது.

கடைசியிலிருந்து தொடங்குங்கள்

இதுதான் நான் கற்ற முக்கியமான பாடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் முறை எழுதும்போது எல்லோரையும் போல உள்ளீடு தயாரிப்பதில் இருந்துதான் ஆரம்பித்தேன். விசித்திரமான மதிப்புகளை உற்பத்தி செய்வது சுவாரஸ்யமான வேலை. ஓர் இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் 1,100-க்கு மேல் ‘500’ பிழைகள், அதாவது சர்வர் உள்ளே உடைந்ததாகச் சொன்ன பதில்கள். பெருமையாகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு, சர்வர் பக்கம் எழுதிய நண்பரிடம் போனேன். அவர் பத்து நிமிடம் புரட்டிவிட்டுக் கேட்டார்: “இதுல முதல் ஒண்ணை என் மெஷின்ல எப்படி வரவைக்கிறது?” என்னிடம் பதில் இல்லை. அனுப்பிய கோரிக்கையின் உடலை, அதாவது உள்ளடக்கத்தை மட்டும் எழுதி வைத்திருந்தேன். மேலே ஒட்டிப் போகும் ஹெட்டர் விவரங்கள் இல்லை, அதற்கு முன் என்னென்ன அனுப்பினேன் என்ற வரிசை இல்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து சலித்ததில், அந்த 1,100-உம் மூன்றே பிழைகள் என்று தெரிந்தது.

அதனால் இப்போது சொல்கிறேன்: முதலில் பதிவையும் மறு ஓட்டத்தையும் எழுதுங்கள். அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும், வந்த பதிலும், நேரமும் வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் போகட்டும். பைட் பைட்டாக அப்படியே போகட்டும், அழகுபடுத்த வேண்டாம். அந்தக் கோப்பைக் கொடுத்தால் அதே வரிசையில் திரும்ப அனுப்பும் கட்டளை ஒன்றை எழுதுங்கள். உள்ளீடு தயாரிக்கும் பகுதி பிறக்கும் முன்பே இந்த இரண்டும் வேலை செய்ய வேண்டும்.

அடுத்தது விதை எண், அதாவது கணினியின் குலுக்கல் எண்கள் தொடங்கும் எண். குலுக்கல் எல்லாம் ஒரே விதையில் இருந்து வர வேண்டும். அதே விதையைக் கொடுத்தால் அதே கோரிக்கைகள் அதே வரிசையில் வர வேண்டும். எனக்கு இதில் இரண்டு நாள் போனது. விதை ஒன்றே, ஆனாலும் ஒவ்வொரு முறையும் வரிசை மாறிக்கொண்டே இருந்தது. ஸ்கீமாவின் புலப் பெயர்களை பைதானின் வரிசை இல்லாத தொகுப்பான ‘செட்’டில் போட்டு வைத்திருந்தேன். பாதுகாப்புக்காக, பைதான் 3.3-இல் இருந்து எழுத்துச் சரங்களின் ஹாஷ் மதிப்பு (சரத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். அதனால் செட்டில் இருந்து வெளியே வரும் வரிசையும் மாறும். செட்டைத் தூக்கிவிட்டு, பெயர்களை அகர வரிசையில் அடுக்கிய பட்டியலாக வைத்ததும் சரியானது.

இன்னொரு யோசனை. முழு ஓட்டத்துக்கும் ஒரே குலுக்கல் ஓடையை வைக்காதீர்கள். தலைமை விதையையும் முகவரியின் பெயரையும் சோதனை வழக்கின் எண்ணையும் சேர்த்து, எப்போதும் ஒரே விடை தரும் ஷா-256 ஹாஷ் வழியாக ஒவ்வொரு வழக்குக்கும் தனி விதை எடுங்கள். அப்படிச் செய்தால் 4,000-ஆவது வழக்கை மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். நடுவில் யாராவது புதிய முகவரி ஒன்றைச் சேர்த்தாலும் மற்ற வழக்குகள் கலையாது. இதற்கு பைதானின் உள்ளமைந்த ஹாஷைப் பயன்படுத்தக் கூடாது. மேலே சொன்ன அதே காரணம்.

உள்ளீடு தயாரிப்பது

எல்லாப் புலங்களிலும் குப்பையைப் போட்டால் கோரிக்கை வாசலைத் தாண்டாது. ஃபாஸ்ட்ஏபிஐ ‘422’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் கோடு, கணக்கு, அச்சு எதையும் நாம் தொட்டிருக்க மாட்டோம். அதனால் நான் வைத்திருக்கும் முறை இது: பத்தில் ஏழு கோரிக்கைகள் ஸ்கீமாவுக்கு முழுக்க உட்பட்டவை, ஆனால் எல்லையோரத்தில் நிற்பவை. மீதி மூன்றில் ஒரே ஒரு புலத்தை மட்டும் மீற வைப்பேன். ஒரு நேரத்தில் ஒரு மீறல் என்றால், பிழை வந்ததும் எதனால் என்று உடனே தெரியும்.

எல்லை மதிப்புகள் ஸ்கீமாவிலேயே கிடைக்கும். தலைப்பு 1 முதல் 200 எழுத்து என்றால் 0, 1, 200, 201 நீளங்கள். பிரதிகள் எண் வகை என்று மட்டும் சொல்லி எல்லை தரவில்லை என்றால் 0, -1, 2147483647, 2147483648. கடைசி எண்தான் முக்கியம். பைதானுக்கு எண்ணில் எல்லை இல்லை, சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸின் சாதாரண எண் நெடுவரிசை 2147483647-க்கு மேல் வாங்காது. அங்கே எழும் பிழையை நிரலில் யாரும் பிடிக்காததால் அது மேலே வந்து ‘500’ ஆகும். என் நூலகச் சர்வரில் கருவி கண்டுபிடித்த முதல் பிழையே இதுதான்.

ஸ்கீமாவில் கிடைக்காத மதிப்புகளுக்கு ஓர் அகராதிக் கோப்பு வையுங்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தில் இதற்கென்றே தொகுத்த பட்டியல்கள் இருக்கின்றன. ஆனாலும் காரணம் தெரியாத மதிப்பை நான் சேர்ப்பதில்லை. என் கோப்பில் இருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

நல் எழுத்து, அதாவது மதிப்பு 0 உள்ள குறியீடு. ஜேசனில் இதை அனுப்புவது முறையானதே. போஸ்ட்கிரெஸ் தன் எழுத்து நெடுவரிசையில் இதைச் சேமிக்கவே சேமிக்காது. நான் பார்த்த போஸ்ட்கிரெஸ் சர்வர்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு எழுத்துக்கு ‘500’ கொடுத்தன.

9007199254740993. இது 2-இன் 53-ஆவது அடுக்கோடு ஒன்றைக் கூட்டியது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணில் இது அடங்காது. கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். அடையாள எண்ணில் இப்படி நடந்தால் வேறொருவர் கணக்கைத் திறக்கிறோம் என்று பொருள்.

‘கோ’ என்ற எழுத்து, இரண்டு வடிவங்களில். ஓகாரக் குறி யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் இருக்கிறது. ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பெயருக்கு ஒரே பதிவு என்று விதி வைத்த சர்வரில் ‘கோமதி’ இரண்டு பேராக நுழைந்துவிடுவார். ஒரு கைபேசியில் பதிந்து இன்னொன்றில் தேடினால் கிடைக்கவும் மாட்டார்.

புள்ளியிலோ உயிர்க் குறியிலோ தொடங்கும் சொல். தேடல் பெட்டி, வெட்டிச் சுருக்கும் கோடு, பிடிஎஃப் அச்சு மூன்றையும் இது நன்றாகச் சோதிக்கும்.

25 குறியீடுகள் கொண்ட தமிழ்க் கடவுச்சொல். பிகிரிப்ட் என்ற கடவுச்சொல் முறை 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் 72 எழுத்து என்றால் யாரும் தொட மாட்டார்கள். தமிழில் 24 குறியீடுகளிலேயே முடிந்துவிடும், அது ஏறக்குறைய 15 எழுத்து. சில நூலகங்கள் அதற்கு மேல் பிழை சொல்கின்றன. கோ என்ற நிரல் மொழியின் நூலகம் அப்படித்தான், அதைப் பிடிக்காத சர்வர் ‘500’ கொடுக்கும். சில நூலகங்கள் சத்தமில்லாமல் வெட்டிவிடும். வெட்டினால் கடைசிச் சொல்லை மாற்றிப் போட்டாலும் உள்ளே விட்டுவிடும். தமிழில் ஒரு வாக்கியத்தையே கடவுச்சொல்லாக வைக்கும் ஒருவர், அது முழுசும் தன்னைக் காக்கிறது என்று நம்பித்தான் வைக்கிறார். அவருக்காக இந்தச் சோதனை இருந்தே ஆக வேண்டும்.

எதைப் பிழை என்று சொல்வது

‘500’ வந்தால் பிழை என்பது சுலபமான பகுதி. பதில் ஸ்கீமாவோடு ஒத்துப்போகவில்லை, ஆவணத்தில் சொல்லாத ஸ்டேட்டஸ் வந்தது, ஸ்கீமாவை மீறிய உள்ளீட்டுக்கு ‘200’ வந்தது: இந்த மூன்றையும் ஒரு நாளில் எழுதிவிடலாம்.

என் அம்மாவின் ரசீதுப் பிழை இந்த நான்கிலும் மாட்டாது. அதற்கு வேறு கேள்வி வேண்டும்: நான் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அதுவே வருகிறதா? ‘போஸ்ட்’ கோரிக்கையால் ஒன்றை உருவாக்கியதும், வந்த அடையாள எண்ணை வைத்துக் ‘கெட்’ கோரிக்கையால் அதைத் திருப்பி வாங்குங்கள். இரண்டு உடல்களிலும் பொதுவான புலங்களை ஒப்பிடுங்கள். நாற்பது வரி நிரல்தான். என் கருவியில் மிக அதிகமான உண்மைப் பிழைகளைக் கொண்டுவந்தது இந்த நாற்பது வரி.

ஆனால் கண்டிப்பாக ஒப்பிட்டால் பொய் எச்சரிக்கைகளும் வரும். முன்பின் இருக்கும் வெற்றிடத்தைச் சர்வர் நீக்குவது நியாயம். மின்னஞ்சலைச் சிற்றெழுத்தாக மாற்றுவதும் பெரும்பாலும் நியாயம். யூனிகோடை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது நல்ல பழக்கமே. அதனால் மூன்று படிகள் வைத்தேன். அப்படியே ஒத்தால் சரி. யூனிகோடு வடிவத்தைச் சமன் செய்து, வெற்றிடம் நீக்கி, மின்னஞ்சல் என்றால் சிற்றெழுத்தாக்கிய பின் ஒத்தால் ‘குறிப்பு’. அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் ‘பிழை’. எழுத்து குறைந்திருந்தால், எத்தனையாவது பைட்டில் அறுந்தது என்பதையும் ரிப்போர்ட்டில் சொல்லிவிடுங்கள். 20, 50, 255 என்ற எண்ணைப் பார்த்ததுமே எழுதியவருக்கு எந்த வரி என்று விளங்கிவிடும்.

ஒரு கோரிக்கைக்குப் பின் இன்னொன்று

இரவல் பதிவு செய்ய உறுப்பினர் எண் வேண்டும், புத்தக எண் வேண்டும். குலுக்கலில் எடுத்த எண்ணைப் போட்டால் எப்போதும் ‘404, அப்படி ஒன்று இல்லை’தான். ரெஸ்ட்லரின் அடிப்படை யோசனை இங்கேதான் கைகொடுக்கிறது: ஒரு கோரிக்கையின் பதில் உற்பத்தி செய்யும் மதிப்பு, இன்னொரு கோரிக்கைக்கு உள்ளீடாகத் தேவைப்படுகிறது. அந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்து அதே வரிசையில் அனுப்ப வேண்டும். ஓப்பன்ஏபிஐ-யில் இந்தத் தொடர்பை எழுதி வைக்க இடம் உண்டு, நிரப்புகிறவர்கள் குறைவு. பெயர் ஒப்புமை வைத்து ஊகியுங்கள், தப்பினால் திருத்திக்கொள்ள ஓர் அமைப்புக் கோப்பும் கொடுங்கள்.

நான் பொருளுக்கு ஒரு குளம் வைத்திருக்கிறேன். உருவாக்கிய எண்கள் உயிருள்ள குளத்தில் சேரும். அழித்தவை இறந்த குளத்துக்கு மாறும். இறந்த குளத்திலிருந்து எண்ணை எடுத்துக் கேட்டால் ‘404’ வர வேண்டும். ‘200’ வந்தால், அழித்தது அழியவில்லை. இரண்டு பயனர்களின் டோக்கன் (உள்நுழைந்தவர் யார் என்று காட்டும் சீட்டு) இருந்தால், ஒருவர் உருவாக்கியதை மற்றவர் டோக்கனில் கேளுங்கள்; கிடைக்கக் கூடாது. ஓவாஸ்ப் ஏபிஐ பாதுகாப்புப் பட்டியலில் 2019-இலும் 2023-இலும் முதல் இடத்தில் இருப்பது இந்த ஓட்டைதான்.

டோக்கன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருமுறை கருவி நாலு மணி நேரம் ஓடி, ஒரு பிழைகூட இல்லை என்று முடிந்தது. மகிழ்ச்சியோடு மூட இருந்தவன், சும்மா பதிவுக் கோப்பைத் திறந்தேன். 15-ஆவது நிமிடத்தில் டோக்கன் காலாவதியாகியிருந்தது. அதற்குப் பிறகு போன ஒவ்வொரு கோரிக்கைக்கும் ‘401, நீங்கள் யார் என்று தெரியவில்லை’. நாலு மணி நேரமும் மூடிய கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பிழைகளுக்கு முன்பாக ஒரு அட்டவணை வரும்: எந்த முகவரிக்கு எத்தனை ‘2’ வரிசைப் பதில், எத்தனை ‘4’ வரிசைப் பதில். ஏதாவது முகவரிக்கு ‘200’ ஒன்றுகூட வரவில்லை என்றால் ‘இது சோதிக்கப்படவில்லை’ என்று தடித்த எழுத்தில் எழுதிவிடும்.

சுருக்குவது

பிழை கிடைத்த கோரிக்கை பெரும்பாலும் மலை மாதிரி இருக்கும். பதினோரு புலங்கள், அதில் ஒன்றில் 200 எழுத்துக் குப்பை. இதை அப்படியே யாரிடமும் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு புலமாக நீக்கி மறுபடி அனுப்புங்கள். அதே பிழை வந்தால் அந்தப் புலம் தேவையில்லை. சரத்தைப் பாதியாக்குங்கள், எந்தப் பாதியில் பிழை நிற்கிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். எண்ணை 0-வை நோக்கி நகர்த்துங்கள். ஜெர்மன் கணினி அறிஞர் ஆண்ட்ரியாஸ் ஜெல்லர் இதை டெல்டா டீபக்கிங் என்ற பெயரில் ஒழுங்கான வழிமுறையாகவே வகுத்திருக்கிறார். என் நூலகச் சர்வரில் 2,000 பைட்டுக்கு மேல் இருந்த உடல் ஒன்று 31 முயற்சியில் ‘தலைப்பு: நல் எழுத்து’ என்ற ஒற்றைப் புலமாகச் சுருங்கியது. அதைப் பார்த்த நண்பர் ஒன்றும் பேசாமல் எடிட்டரைத் திறந்தார்.

இதில் இரண்டு இடத்தில் தடுக்கி விழலாம். சுருக்கும்போது பழைய பிழை போய் வேறு பிழை வந்திருக்கலாம். ‘500’ என்ற எண் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. முறை, முகவரி வடிவம், ஸ்டேட்டஸ், எண்களையும் நேரத்தையும் நீக்கிய பிழைச் செய்தி, இந்த நான்கையும் சேர்த்து ஒரு கைரேகை உருவாக்குங்கள். கைரேகை ஒத்தால்தான் அதே பிழை. முன்பு இருவரும் உட்கார்ந்து சலித்த 1,100-ஐ இந்தக் கைரேகை தானாகவே மூன்றாக அடக்கிவிடும்.

இரண்டாவது, சர்வர் பழையதை நினைவில் வைத்திருக்கும். அதே மின்னஞ்சலை இரண்டாம் முறை அனுப்பினால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று ‘409’ வரும். பிழை மறைந்துவிட்டதாகக் கருவி ஏமாறும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் சர்வரைப் பழைய நிலைக்குத் திருப்ப ஒரு கட்டளையை அமைப்புக் கோப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். அது முடியாத இடத்தில் தனித்துவம் வேண்டிய புலங்களுக்கு மட்டும் புது மதிப்பு போடுங்கள்.

கர்ல் கட்டளையாகக் கொடுங்கள்

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு பிழையும் டெர்மினலில் ஒட்டி ஓட்டக்கூடிய கர்ல் (கோரிக்கை அனுப்பும் சிறு நிரல்) கட்டளையோடு முடிய வேண்டும். கர்ல் சில விஷயங்களைத் தானாகத் திருத்திவிடும் என்பதைக் கவனியுங்கள். முகவரியில் இரட்டைப் புள்ளி வந்தால் அதைச் சுருக்கி வேறு முகவரிக்குப் போய்விடும். ‘பாத்-ஆஸ்-இஸ்’ என்ற விருப்பம் கொடுத்தால்தான் அப்படியே அனுப்பும். சதுர அடைப்பு, நெளிவு அடைப்புகளுக்குத் தனிப் பொருள் எடுத்துக்கொள்ளும். ‘குளோப்ஆஃப்’ கொடுக்க வேண்டும். உடலைக் கோப்பிலிருந்து அனுப்பும்போது சாதாரண ‘டேட்டா’ விருப்பம் வரி முறிவுகளை நீக்கிவிடும், ‘டேட்டா-பைனரி’தான் சரி. இந்த மூன்றையும் கருவியே சேர்த்துக் கொடுக்கட்டும். இல்லாவிட்டால் ‘எனக்கு வரலையே’ என்று பதில் வரும், உங்கள் பிழையறிக்கை குப்பைக்குப் போகும்.

வெளியே விடுவதற்கு முன்

கருவியைப் பொதுவில் வைத்த பின் முகம் தெரியாதவர்கள் ஓட்டுவார்கள். அதனால் இயல்பான அமைப்பே பாதுகாப்பாக இருக்க வேண்டும். சொந்தக் கணினி தவிர வேறு முகவரிக்குப் போக வெளிப்படையாக அனுமதி கேளுங்கள். ‘டிலீட்’ இயல்பாக அணைந்திருக்கட்டும். நொடிக்கு இத்தனை என்று வேக எல்லை வையுங்கள். ஒவ்வொரு கோரிக்கையின் ஹெட்டரிலும் கருவியின் பெயர் போகட்டும். சர்வர் பதிவைப் பார்ப்பவர் இது தாக்குதல் இல்லை என்று அறிய வேண்டும்.

பதிவுக் கோப்பில் டோக்கன், குக்கீ, கடவுச்சொல் மூன்றையும் எழுதும்போதே மறைத்துவிடுங்கள். மறு ஓட்டத்தின்போது கருவி அவற்றைக் கணினியில் தனியே வைத்த சூழல் மாறியிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். பிழை சொல்ல வருகிறவர் முழுப் பதிவையும் பொதுவில் ஒட்டிவிடுவார். அப்புறம் அழித்துப் பயனில்லை.

உரிமத்தை முதல் நாளே போடுங்கள். உரிமம் இல்லாத நிரலைக் கண்ணால் பார்க்கலாம், சட்டப்படி எடுத்துப் பயன்படுத்த முடியாது. நான் அப்பாச்சி 2.0 எடுத்தேன், அதில் காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய அனுமதியும் சேர்ந்தே இருக்கிறது. எம்ஐடி போதும் என்றாலும் சரி.

கருவிக்கே சோதனை வேண்டும். அதற்குத்தான் அந்த நூலகச் சர்வர். அதில் 14 பிழைகளை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். யாராவது மாற்றம் அனுப்பும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் கருவி இரண்டு நிமிடம் ஓடி 14-ஐயும் கண்டுபிடிக்க வேண்டும், 15-ஆவது ஒன்றைச் சொல்லக் கூடாது. இரவில் ஒரு மணி நேரம், புதிய விதையோடு ஓடும். கண்டுபிடித்த விதை எண் அன்றைய பதிவில் நிற்கும்.

பங்களிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அகராதிக் கோப்பைத்தான். பைதான் தெரிய வேண்டியதில்லை. ஒரு மதிப்பு, அது எங்கே எதை உடைத்தது என்று ஒரு வரி, அதற்கான பிழையை நூலகச் சர்வரில் விதைக்கத் தெரிந்தால் அதுவும். கோப்பின் முதல் வரியில் இருப்பது ‘கோமளவல்லி’. பக்கத்தில் காரணம்: ‘6 எழுத்து, 9 குறியீடு, 27 பைட், 20-இல் வெட்டினால் புள்ளி அறும்.’ அதற்குக் கீழே மலையாளமும் சிங்களமும் சேர்ந்திருக்கின்றன. தெலுங்குக்கு இன்னும் யாரும் வரவில்லை. தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் இருக்கும் நீளமான பெயர் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.